கண்ணுக்கு வைத்த பொட்டு

வார்டு சார்ஜ் கூடம், மதுரை
ஆயுத பூஜை, காலை 7.00
பொறுப்பு: ஒச்சம்மாள். நான் சொல்லச் சொல்ல இந்தப் பெட்டி திருத்தி எழுதிக்கொள்ளும். சார்ஜ் ஏற்றும் தூண்கள் எல்லாம் வேலை செய்கின்றன. போன மாதம்தான் கூடத்தைப் பெரிதாக்கிப் புதுத் தூண்கள் நட்டார்கள். பக்கத்து வார்டுகளிலும் இதே மாதிரிக் கூடங்கள் வந்துவிட்டன. பேட்டரி ஆட்டோக்களைக் கழுவி மாலை போட்டு, சார்ஜில் விட்டிருக்கிறார்கள். தீக்காவல் புதிது. சூடு ஏறினால் ஷட்டர் இறங்கும். இன்னும் ஏறினாலோ தீ தெரிந்தாலோ மேலே குழாயிலிருந்து வாயு வரும். அது தீயையும் அணைக்கும், மூச்சையும் அணைக்கும். உள்ளே ஆள் இருந்தால் கூரையில் உள்ள கேமராக் கண் பார்த்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும், பயப்படாதே என்று மாட்டியவர்கள் சொல்லிப் போனார்கள்.

காலை 9.30
தூண், வயர், மீட்டர், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. ஆட்டோ சங்கத்துத் தவமணி வாசலில் நின்று, கூரைக் கண்ணுக்கு உனக்கு எங்கே எட்டப் போகிறது என்று சிரித்தாள். என் மகள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, சாம்பார் ஊசிப்போச்சு என்று ஊர் கேட்கச் சொன்னவள் இவள். அன்றைக்குக் கட்டியிருந்தது மாம்பழக் கலர் சுங்குடி. ஒட்டடைக் கம்பின் நுனியில் துணி சுற்றி, சந்தனத்தில் தோய்த்து, கண்ணின் நடுவிலேயே அப்பினேன். அதன்மேல் குங்குமம், தாராளமாக. கம்பை வெளியே சாத்தி வைத்தேன்.

பகல் 1.15
எல்லோரும் சங்கத்தில் சாப்பிடப் போய்விட்டார்கள். உள்ளே நான் மட்டும். நகப்பாலிஷ் மாதிரி ஒரு வாடை. தவமணி மகன் ஆட்டோவிலிருந்து வருகிறது. பேட்டரிப் பெட்டி உப்பியிருக்கிறது, பக்கத்தில் போனாலே காந்துகிறது. வயரைப் பிடுங்கினேன். மணி அடித்தது. ஷட்டர் இறங்கிவிட்டது. தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை.

பகல் 1.20
கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டேன். ஒரு பெண் பேசினாள்.
"கூடத்துல ஆள் இல்லைன்னு காட்டுதும்மா. நீங்க எங்கருந்து பேசுறீங்க?"
உள்ளேதான் நிற்கிறேன், ஷட்டரைத் திற என்றேன்.
"உங்க குரல் எனக்குக் கேக்குது. மெஷின் குரலைக் கணக்குல எடுக்காதும்மா. முன்னாடி ஒரு கூடத்துல ரேடியோ பாடுனதை ஆளுன்னு நம்பி, வாயுவைத் திறக்காம எல்லாம் எரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் மாத்திட்டாங்க. கண்ணு பாத்தாதான் நிக்கும். இங்கருந்து நிறுத்த வழியில்ல. கண்ணு முன்னாடி போய் நில்லுங்கம்மா."
நின்றுகொண்டுதான் இருக்கிறேன். கையையும் ஆட்டுகிறேன். பொட்டு மறைத்த கண்ணுக்கு எங்கே தெரியும்.

பகல் 1.30
ஆட்டோ மேல் ஏறினேன். கூரைத்துணி கிழிந்து கால் உள்ளே போய்விட்டது. முழங்காலில் ரத்தம். எட்டவில்லை. புகை வருகிறது. வண்டி கழுவுகிற ஹோஸ் பைப் இருக்கிறது, கண்ணைக் கழுவிவிடலாம்.
வெளியே ஆள் வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் அடிக்கப் போகிறேன் என்று கத்தினேன். வாசல் ஸ்பீக்கரில் தவமணி குரல்.
"ஏ ஒச்சு, தண்ணி அடிக்காத. குங்குமம் கரைஞ்சு கண்ணு பூரா வழியும். சந்தனம் காஞ்சு கெடக்குல்ல, எதையாச்சும் விட்டு எறி. பேந்து விழுந்துரும்."
இவள் யார் எனக்கு வழி சொல்ல. தண்ணீர் அடித்தேன்.

பகல் 1.36
சிவப்பாக வழிகிறது. கண் முழுக்கச் சிவப்பு. பெட்டி பேசுகிறது.
"தீச்சுடர் தெரிகிறது. மனிதர் இல்லை. வாயு தயாராகிறது."
தீ இல்லை. குங்குமம். அது குங்குமம் என்று கத்தினேன். குரல் கணக்கில் வராதாம்.

பகல் 1.40
செருப்பை எறிந்தேன். உடைத்த தேங்காய் மூடியை எறிந்தேன். சந்தனம் கூழாகிவிட்டது, பெயரவில்லை. குறி தப்புகிறது. வெளியே கடப்பாரையால் ஷட்டரை இடிக்கிறார்கள். தவமணியும் இடிக்கிறாள், அவள் மூச்சிரைப்பது ஸ்பீக்கரில் கேட்கிறது.
இதைப் படிக்கிறவர்களுக்கு. இன்றைக்கு எல்லா வார்டுக் கூடத்திலும் பொட்டு வைத்திருப்பார்கள். ஓடிப்போய்ச் சொல்லுங்கள். உலர்ந்த துணியால் துடைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் வேண்டாம்.

பகல் 1.44
மேலே உஸ் என்கிறது. தரையில் குளிர். ஷட்டர் அடியில் படுத்து வாயை வைத்திருக்கிறேன். இடுக்கில் காற்று வரவில்லை, ரப்பர் வைத்து அடைத்திருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.
தவமணி, சாம்பார் ஊசவில்லை. காலையில்தான் இறக்கியது.
"ஊசலடி. நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டாந்தரம் வாங்கித் தின்னேன். நீ பேசிக்கிட்டே இரு. ஏ, ஒச்சு. பேசு."
புளி கொஞ்சம் கூட. அவ்வளவுதான். ஊச

பகல் 1.52
தானியங்கிப் பதிவு.
பேச்சு: கணக்கில் இல்லை.
கதவு தட்டும் ஓசை: கணக்கில் இல்லை.
உள்ளே மனிதர்: இல்லை.
கூடம் பத்திரம்.