தென்கோடி மஞ்சள் கல்

பொனேர்,
ஞாயிறு காலை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் இடுப்பு வலி குறைந்ததா? நான் நலம். முழங்காலில் கொஞ்சம் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

இந்தத் தீவில் முக்குளிக்க இறங்கும் இடங்களுக்கெல்லாம் சாலையோரம் மஞ்சள் கல் வைத்திருக்கிறார்கள். இன்று எந்தக் கல் என்று முடிவு செய்வதுதான் என் வேலை. நேற்று காற்று மாறித் தெற்கிலிருந்து அடித்தது. அங்கே அலை முரடாகும் என்று தெரிந்தேதான் முக்குளிக்க வந்த விருந்தாளிகளைத் தென்கோடிக் கல்லுக்குக் கூட்டிப்போனேன். கரையேறும்போது அலை புரட்டி ஓர் அம்மாள் சாய்ந்துவிட்டார். தாங்கப்போய் நான் விழுந்தேன். அவருக்கு ஒன்றுமில்லை.

முதலாளி ரிக்னால்ட் கத்தித் தீர்த்துவிட்டார்.

"காத்து மாறினா தெக்கால போகாதேன்னு எத்தனை வாட்டி சொல்றது? அங்க அப்படி என்னதான்யா வெச்சிருக்க?"

"மீன் நிறைய இருக்கு மொதலாளி" என்றேன்.

மீன் எல்லா இடத்திலும் இருக்கிறது. அந்தக் கல்லருகே நிறுத்தினால்தான் வண்டி ரேடியோவில் நம்மூர் கோரோ வானொலி கேட்கிறது.

நம்மூரில் மழை என்று நேற்று அதில் சொன்னார்கள். கட்டிலுக்கு மேலேதானே ஒழுகும்? கட்டிலைத் தனியாக இழுக்காதீர்கள், யாரையாவது கூப்பிடுங்கள். அங்கிருந்து படகில் இங்கே வருபவர்களிடம் அந்தக் காயத்தைலம் ஒரு புட்டி கொடுத்தனுப்புங்கள்.

விருந்தாளிகள் வண்டியில் ஏறிவிட்டார்கள். காற்று இன்னும் திரும்பவில்லை. இன்று எந்தக் கல் என்று கேட்கிறார்கள், அப்பா.

உங்கள் மகன்,
யூடோமார்