பெரியவருக்கான கைப்பிடிகள்

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. முழங்கால் வலி ஒன்றைத் தள்ளிவிட்டால் நான் சுகமே. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையுமின்றி இருக்கவேண்டும் என்பதே காலையும் மாலையும் இறைவனிடம் என் விண்ணப்பம். உன் கடிதம் வந்தது. அம்மா போனபின் தனியாக இருந்து என்ன சாதிக்கப் போகிறீர்கள், வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வாருங்கள் என்று மூன்றாம் முறையாக எழுதியிருக்கிறாய். போன வருடம் நாம் செய்துகொண்ட உடன்பாட்டை நான் மறக்கவில்லை. இந்த வீட்டிலேயே முதுமையைக் கழிக்க ஏற்பாடு செய்துகொள்கிறேன், ஆனால் செய்தது நினைவில்லாமல் போகும் நாள் வந்தால் உனக்கு ஒளிக்காமல் எழுதுவேன் என்று வாக்களித்தேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்; பதறாமல் படி.

நாற்பது ஆண்டு நிலம் அளந்தவன் அல்லவா, வரைபடம் இல்லாமல் ஓர் ஆணி அடிக்கவும் எனக்குக் கை வராது. வீடு முழுவதையும் அளந்து ஒரு தாளில் வரைந்தேன். எண்பத்தைந்து வயதில் இங்கே நடமாடப் போகிறவரைப் பெரியவர் என்று அதில் குறித்தேன். என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர், மரியாதையாகத்தானே அழைக்கவேண்டும். அவர் எப்படி நடப்பார் என்று அறிய, பகல் சாப்பாட்டுக்குப் பின் கணுக்காலில் மணல் பை கட்டி, காதில் பஞ்சு அடைத்து, உன் அம்மாவின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறை அறையாக நடப்பேன். கை எங்கே சுவரைத் தேடுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. அந்தக் கோட்டில் தச்சர் கைப்பிடி பொருத்துவார். முதல் நாள் என் கோலத்தைப் பார்த்துவிட்டு அவர், "வயசாகுறதுக்கு எல்லாரும் பயப்படுறாங்க, நீங்க ஒத்திகை பாக்குறீங்களே ஐயா" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். உடம்பைச் சில நாள் தங்கும் வீடென்று ஓதி வளர்ந்தவன் நான்; அந்த வீடு சாயாதிருக்க இந்த வீட்டில் நாலு கைப்பிடி வைப்பதில் பிழையில்லை என்று எண்ணினேன். கட்டில் மாடியிலிருந்து கீழறைக்கு வந்தது, வாசற்படி சரிவானது, எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

போன செவ்வாய்க்கிழமை காலையில் நடைவழிக் கைப்பிடியைப் பற்றினேன். யாரோ அப்போதுதான் கையை எடுத்ததுபோல வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலே படாத சுவர் அது. மறுநாள் பார்த்தால், என் கோடுகளுக்கு நான்கு அங்குலம் கீழே இன்னொரு வரிசைக் கோடுகள், பக்கத்தில் நடுங்கிய எழுத்தில் அளவுகள். தச்சரைக் கேட்டேன். "என்னய்யா கேக்குறீங்க? நேத்து சாயங்காலம் நீங்கதானே சுவத்தப் பிடிச்சுக்கிட்டே வந்து, எனக்கு எட்டல, கீழ இறக்குன்னு சொன்னீங்க. இன்னிக்கு ஒத்திகை ரொம்பத் தத்ரூபமா இருக்கேன்னு நெனச்சேன்" என்றார். மணல் பை கட்டியிருந்தேனா என்று கேட்டேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. "இல்லய்யா. பையும் இல்ல, கண்ணாடியும் இல்ல. வெறுங்காலுதான்" என்றார். அந்த மாலை நான் நாற்காலியில் அமர்ந்து ஓதிக்கொண்டிருந்தேன். பாட்டின் எந்த அடியில் நிறுத்தினேன் என்றுகூடச் சொல்வேன்.

அன்றோடு ஒத்திகையை நிறுத்திவிட்டேன். பெரியவர் நிறுத்தவில்லை. மேல்தட்டுப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக இடுப்பளவுக்கு இறங்கி வந்திருக்கின்றன. குளியலறை முக்காலி நான் குளிக்கப் போகுமுன்பே நனைந்திருக்கிறது. கதவுகள் உள்ளே தாழிட்டது தாழிட்டபடி. பேய் பிசாசை நம்புகிறவன் அல்லன் நான். எல்லாம் என் கை செய்ததுதான் என்கிறது புத்தி. அதை ஏற்றால் நான் வீட்டைப் பூட்டவேண்டும். வேறு யாரோ என்கிறது மனம். அதை ஏற்றால் இங்கேயே இருக்கலாம், ஆனால் அவரோடு இருக்கவேண்டும். உனக்கு எழுதாமலே விட்டுவிடலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது. அதற்காக இறைவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இன்று காலை வரைபடத்தை விரித்தேன். கீழறையில் நான் வரைந்தது ஒரே கட்டில். அதன் அருகில் இரண்டாவது கட்டில் ஒன்று இருக்கிறது, அதே நடுங்கிய கையால். அதனுள்ளே குருவி என்று எழுதியிருக்கிறது. நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் அந்தப் பெயரால் நான் உன்னை அழைத்ததே இல்லை. உன் வேலை, உன் குடும்பம், எதற்குத் தொந்தரவு என்று இத்தனை வருடமாக உன்னை வா என்று கேட்க எனக்கு நா எழவில்லை. பெரியவருக்கு அந்தக் கூச்சம் இல்லை போலும். ஆகவே நானும் கேட்கிறேன், மகளே. விடுப்பு எடுத்துக்கொண்டு வா. மருத்துவரிடம் சேர்ந்தே போவோம். அதன்பின் பூட்டவேண்டும் என்று நீ சொன்னால் சாவியை உன் கையில் தந்துவிடுவேன், ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

கட்டிலுக்குத் தச்சரிடம் சொல்லித் தாளைக் காட்டினேன். அளவைப் படித்துவிட்டு, "நாலடிதான் போட்டிருக்கு, சின்னப் புள்ளைக்கா ஐயா?" என்றார். ஆறடியாகச் செய்யச் சொல்லியிருக்கிறேன். நீ வளர்ந்துவிட்டாய் என்பது பெரியவருக்குத் தெரியாது. அதை எப்படிச் சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை.

இறைவன் உங்கள் மூவரையும் தன் நிழலில் வைத்துக் காப்பானாக. வரும்போது ஒன்றை மறவாதே: கதவு திறந்ததும் உள்ளே ஓடி வந்துவிடாமல், வாசலிலேயே நின்று, நீ யாரென்று நிதானமாகச் சொல்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா