நாலாவது டப்பா

ஜேடர்பாளையம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கிருத்திகாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, ஆறாயிரம் கோழிகள் எல்லாரும் சுகம். அங்கே ராய்ப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற சாமியும் நல்லபடியாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் பேசினால் இரண்டாவது நிமிடம் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, பார்சலும் அனுப்புகிறேன். இதை முழுக்கப் படித்த பிறகே டப்பாக்களைத் திற.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். தலைப்பிரசவத்துக்கு அங்க வரலீங்கப்பா, அந்தக் கோழி நாத்தம் ஆகறதில்லீங்க, போன தடவை ரெண்டே நாள்ல குடலே வெளிய வந்திருச்சுங்க என்று நீ சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தப் பண்ணைதான் உன்னைப் படிக்க வைத்தது என்று சொல்ல வாயெடுத்தேன், நல்லவேளை சொல்லவில்லை. உன் அம்மாவோ, கட்டுச்சோறு கட்டிப் புள்ளையப் பிரசவத்துக்குக் கூட்டியார முடியாத ஊடு ஒரு ஊடுங்களா என்று அன்றிலிருந்து பாதிச் சோறுதான் தின்கிறாள். அழுது என்ன ஆகும், நாற்றம் என்பது ஒரு வாயு, அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் போதும் என்று நான் வேலையில் இறங்கிவிட்டேன். நாற்பத்து மூன்று வயதில் தாத்தா ஆகப்போகிறவனுக்கு வேறென்ன வேலை.

கடையில் விற்கிற வாசனை ஸ்ப்ரே உனக்குத் தலைவலி கொடுக்கும், அதனால் ஏற்காடு போய் எலுமிச்சைப்புல் எண்ணெயும் சளிக்குத் தேய்க்கிற யூகலிப்டஸ் தைலமும் வாங்கி வந்தேன். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் ஊற்றி இருபது சொட்டு விட்டேன். எண்ணெய் தண்ணீரில் கரையாது என்று டிப்ளமோ படித்தவனுக்குத் தெரியாதா, தெரியும், அவசரம். குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதலில் வெறும் தண்ணீர் வந்தது, கடைசியில் எண்ணெய் மட்டும் பீச்சி உன் அறைச் சுவரில் கையகலக் கறை. அடுத்து சமையல் சோடா. அகல வாய் பாட்டிலில் பாதி சோடா, பத்துச் சொட்டு எண்ணெய், மூடியில் ஆணியால் ஏழெட்டு ஓட்டை, அவ்வளவுதான். அடிக்கவும் வேண்டாம் துடைக்கவும் வேண்டாம், எண்ணெய் தானாக மெதுவாக மணக்கும். உற்சாகத்தில் எட்டு பாட்டில் செய்து உன் அறையில் நாலு, பக்கத்து முன்னறையில் நாலு வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன்.

அங்கேதான் வந்தது வினை. முன்னறையில் கூரை வரை முட்டையோடு அட்டைகள் அடுக்கியிருப்பது உனக்குத் தெரியும். மூன்றாம் நாள், நம்மிடம் முட்டை எடுக்கிற மெஸ்காரர் செல்லமுத்து போன் செய்தார். ஏனுங்க அர்த்தநாரி, உங்க கோழியெல்லாம் தைலம் தேச்சுத் தண்ணி வாத்துக்குதுங்களா, ஆம்லெட் தின்னவன் ஒருத்தன் சளியே போயிருச்சுங்கறானுங்க என்றார். நான் நம்பாமல் ஒரு முட்டையை வேகவைத்து உரித்தேன். உண்மைதான். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, பக்கத்தில் இருக்கிற வாசனையை இழுத்துக்கொள்ளும், பண்ணை வைத்திருக்கிற எனக்கு இது தோன்றவில்லை. உன் அம்மா அன்றைக்குத்தான் சிரித்தாள். ஒரு வாரம் மூன்று வேளையும் அந்த முட்டையையே போட்டாள், தின்று தீர்த்தேன்.

ஆனால் கேள் அம்மிணி. மிச்ச முட்டையாவது தப்பட்டும் என்று அட்டைகள் அத்தனையையும் கோழி ஷெட்டுக்கு அந்தப் பக்கம் பழைய தீவன அறைக்கு மாற்றி, பாட்டில்களையும் எடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் முன்னறைக்குள் போனால் தைல வாடையும் இல்லை, கோழி நாற்றமும் பாதி இல்லை. பன்னிரண்டு வருடமாக எச்சம் ஒட்டின அட்டைகளை உன் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுக்கி வைத்துவிட்டு, நாற்றம் ஷெட்டிலிருந்து காற்றில் வருகிறது என்று நினைத்திருக்கிறேன். அதற்கப்புறம் நான் உட்காரவில்லை. கோழி தண்ணீர் குடிக்கிற நிப்பிள்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன், நாற்பத்தொன்று ஒழுகியது. ஒழுகினால் எச்சம் ஈரமாகும், ஈரமானால்தான் மூக்கை அறுக்கும். எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். உன் அறைக்குச் சுண்ணாம்பும் அடித்தாயிற்று.

மிச்ச நாற்றமும் போனதா என்று எங்களுக்கே தெரியாது, எங்கள் மூக்கு என்றைக்கோ மரத்துவிட்டது, பாதிக்குப் பாதி குறைந்தால்தான் அதற்கு உறைக்கும். ஷெட்டில் வேலை செய்கிற சாலம்மாளைக் கேட்டால், என்னையப் போயி கேக்கறீங்களே, எங்கூட்டுக்காரரு பீடி நாத்தமே எனக்குத் தெரியறதில்லீங்க என்கிறாள். ஆனால் கரண்டு மீட்டர் பார்க்க வருகிற பெண்ணை உனக்கு ஞாபகம் இருக்கும், வாசலிலேயே துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொள்வாள். புதன்கிழமை வந்தாள், கட்டவில்லை. உன் அம்மா மோர் கொடுத்து முன்னறையில் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தாள், நான் கடிகாரம் பார்த்தேன். பதினேழு நிமிடம்.

பார்சலில் நாலு டப்பா இருக்கிறது, மேலே எண் போட்டிருக்கிறேன். முதல் மூன்றில் பஞ்சில் ஒரே ஒரு சொட்டு, எலுமிச்சைப்புல், ஆரஞ்சுத் தோல், வெட்டிவேர், உன் அறைக்கு எந்த மணம் பிடிக்கும் என்று நீ பார்க்கத்தான். இந்த மூன்றையும் உன் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் திற, வேண்டாம் என்றால் தூக்கி எறி, எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. வேளைக்குச் சாப்பிடு, மாடிப்படியில் ஓடாதே, போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு காட்டுக்குப் போகிற மாப்பிள்ளையை இருட்டுவதற்குள் திரும்பச் சொல். திருச்செங்கோட்டு மலையான் உன்னையும் பிள்ளையையும் ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும்.

மறந்துவிடாதே, நாலாவதைத்தான் முதலில் திறக்க வேண்டும். அதில் எண்ணெய் இல்லை. வெறும் பஞ்சு, உன் அறையில் உன் தலையணை மேல் நாலு நாள் வைத்திருந்து மூடினது. நன்றாக இழுத்து முகர்ந்து பார். குமட்டினால் எங்களுக்காக மழுப்பாதே, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு நானும் உன் அம்மாவும் ராய்ப்பூருக்கே வருகிறோம், பிரசவம் அங்கேயே ஆகட்டும். குமட்டாவிட்டால் எதுவும் எழுத வேண்டாம், ரயிலேறுகிற தேதியை மட்டும் சொல்.

இப்படிக்கு,
மூக்கு மரத்த உன் அப்பா
அர்த்தநாரி