கேத்தல் தண்ணி குடித்த கார்

என் அன்பான இஞ்சாருங்கோ,

கலியாணம் கட்டிய நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது கடிதத்திலும் உங்கள் பெயரை எழுத வரவில்லை, விடுங்கோ. நல்ல சேதி ஒன்று இருக்கிறது. உங்கடை கார் ஓடுகிறது.

ஓம், அதே கார்தான். எண்பதுகளின் முடிவில் எங்கேயோ பழையதாக வாங்கி, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு நம் கிங்ஸ்பரி வீட்டு வாசலுக்கு வந்தீர்களே, அந்தச் சின்ன மின்சாரக் கார். "பெற்றோலும் வேண்டாம், புகையும் வேண்டாம். ஓடத் தொடங்கினால் வெஸ்ட் ஈலிங் கோயிலுக்குத்தான் முதல் ஓட்டம்" என்றீர்கள்.

பற்றறிகளைத் திறந்து பார்த்துவிட்டு, கடையில் டிஸ்டில்ட் வாட்டர் வாங்கி ஊற்றச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்தவள் சொன்னால் கேட்டால் என்ன? நீங்களோ கேத்தலில் தண்ணியைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து ஊற்றினீர்கள். "பச்சைக் குழந்தைக்கே குடுக்கிற கொதிச்சாறின தண்ணி, இதுக்கு என்ன செய்யப் போகுது?" என்று என்னையே கேட்டீர்கள். லண்டன் தண்ணியின் சுண்ணாம்பு அந்தக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நீங்கள் ஒருநாளும் பார்க்கவில்லையா?

அந்தச் சுண்ணாம்பு உள்ளே போய், கொஞ்சநஞ்சம் உயிர் இருந்த பற்றறிகளும் செத்துப் போயின. அடுத்த விண்டரில் நீங்களும் போய்விட்டீர்கள். கார் தார்ப்பாயின் கீழ் கிடந்தது.

போன மாதம் உங்கள் அண்ணை வந்தார். "தங்கச்சி, செத்த கார் வாசலிலை நிண்டால் வீட்டுக்குக் கூடாது. சனிக்கிழமை ஸ்க்ராப் லொறிக்காரன் வாறான், குடுத்துவிடு."

"அவன் வரேக்கை கார் ஓடினால்?"

"ஓடினால் நீயே வைச்சிரு. உது ஓடாது."

உங்கள் உடுப்பு, சப்பாத்து எல்லாவற்றையும் அண்ணை வீட்டார் அள்ளிக் குடுத்தபோது நான் வாய் திறக்கவில்லை. இதை மட்டும் விட எனக்கு மனமில்லை. நீங்கள் ஆசைப்பட்டதில் மிஞ்சி நின்றது இது ஒன்றுதான். எனக்கு அது வேணும்.

நான் வேலை செய்யும் பால் டிப்போவில் பால் வண்டிகளும் பற்றறியில்தானே ஓடுகின்றன. ஓரமாக நிறுத்திவிட்ட ஒரு வண்டியின் பற்றறிகளைக் கேட்டேன். மனேஜர் சிரித்துவிட்டுக் கொண்டுபோகச் சொன்னார். காரின் வயர் முனைகளில் பச்சையாகப் பூத்துக் கிடந்ததை அப்பச்சோடா கரைத்து ஊற்றித் தேய்த்தேன். புஸ்ஸென்று நுரைத்தபோது பழைய வகுப்பறை ஞாபகம் வந்து தனியே சிரித்தேன். கராஜ்காரர் வந்து பற்றறிகளைப் பூட்டி, இறுகிப்போன பிரேக்கையும் இளக்கினார். குசினி ஜன்னலால் வயர் இழுத்துச் சார்ஜ் போட்டேன்.

சனிக்கிழமை லொறி வந்தது. நான் ஏறியிருந்து சாவியைத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை.

"நான் சொன்னன்தானே" என்றார் அண்ணை, லொறிக்காரனைக் கைகாட்டிக் கூப்பிட்டபடி.

காலை மெல்ல அழுத்தினேன். கார் அவரைத் தாண்டிப் போய் லொறியடியில் நின்றது. மின்சாரக் கார் ஸ்டார்ட் ஆனால் உறுமாது என்று அவருக்கு ஆர் சொன்னது?

எம்.ஓ.டி. வாகனப் பரிசோதனை பாஸானதும் கோயிலுக்குப் போனோம். அண்ணையும் மனைவியும் வந்தார்கள். ஐயர் சில்லுகளின் கீழ் தேசிக்காய் வைத்தார். அப்போது அண்ணை என்னிடம் குனிந்து, "கோபிக்காதை தங்கச்சி. தேசிக்காய் மேலை ஏத்திறது நல்ல காரியம். என்ரை மனிசி காரை ஓடட்டும்" என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. என் வெறும் நெற்றியை ஒருதரம் பார்த்தார், அவ்வளவுதான்.

எனக்குச் சுட்டது. ஆனால் சத்தம் போடவில்லை. "அவவுக்கு இந்தக் காரின்ரை பிரேக் பழக்கமில்லை, அண்ணை. நான்தான் ஓடுவன்" என்றேன்.

அவர் ஐயரைப் பார்த்தார். "கார் ஆருடையதோ அவை ஓடட்டும்" என்றார் ஐயர். அண்ணையின் மனைவி தானே வந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டா.

பக்கத்து சீட் வெறுமையாக இருந்தது. நீங்கள் இருந்திருந்தால் அன்றைக்கு ஸ்டியரிங்கை எனக்குத் தந்திருப்பீர்களா? தெரியாது. காலை அழுத்தினேன். இரைச்சல் இல்லாத கார் என்றபடியால், தேசிக்காய் நாலும் நசிந்த சத்தம் அங்கே நின்ற எல்லோருக்கும் கேட்டது. உங்களுக்கும் கேட்டிருக்கும்.

ஒரு வாக்குத் தாறன். இந்தக் கார் ஓடும்வரை நான்தான் ஓடுவேன், கேத்தலை அதன் பக்கம் கொண்டுபோக மாட்டேன்.

இன்னும் உங்கள் பெயரைச் சொல்லாத,
உங்கடை மனிசி