வாரின் நடுவில் ஒரு மணி

இன்று மத்தியானம் தேக்காவில் மணி வாங்கப் போயிருந்தேன். பஃபலோ ரோட்டுக்குப் பின்னால் நாம் வழக்கமாகப் போகும் அதே கடைதான். வெளியே நல்ல மழை. குடையை மடக்கிய ஈரக் கையோடு தட்டிலிருந்த சிவப்பு மர மணிகளை அள்ளினேன். சாயம் போகாது என்று கடைக்காரர் தாமாகவே சொன்னார். நான் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு ஒருவர் பதில் சொன்னால் அந்த இடத்தில் நின்று யோசி என்பாய். நின்றேன். கையை விரித்துப் பார்த்தால் உள்ளங்கையில் இளஞ்சிவப்பாக ஒரு கறை. மணிகளைத் தட்டிலேயே போட்டேன். அவர் முகம் சுருங்கியது. நீ கூட வந்த நாட்களிலும் இப்படித்தான் சுருங்கும். அப்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். இன்று இல்லை. வீட்டுக்கு வந்ததும் தலையைக்கூடத் துவட்டாமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

புக்கிட் மேராவில் ஒரே அடுக்குமாடி புளோக்கில் வளர்ந்தவர்கள் நாம். சின்ன வயதிலேயே நீ அப்படித்தான். ஐஸ்கிரீம் வண்டிக்காரர் ரொட்டிக்குள் ஐஸ்கிரீமை வைத்து மடித்துக் கொடுத்தால் உள்ளே திறந்து பார்த்துவிட்டுத்தான் கடிப்பாய். வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, பிள்ளைகளை வளர்த்து, நான் செங்காங்குக்கு வீடு மாறி, இருவரும் வேலையை விட்டு ஓய்ந்த பிறகும் அந்தக் குணம் உன்னிடம் தேயவில்லை. சமூக மன்ற வகுப்பில் நான் தோல் பின்னக் கற்றுக்கொண்டு கைப்பைக்கு வார் பின்னியதைப் பார்த்து, "பையை யாருடி பாக்குறா? இங்க எல்லாரும் நாயத்தான் பாக்குறாங்க, நாய்க்குப் பின்னு" என்றாய். நாய் வார் செய்து விற்பது அப்படித்தான் ஆரம்பித்தது. பின்னுவது நான், மணி கோப்பது நீ.

கோப்பது என்று சொன்னால் உனக்குப் பிடிக்காது. சோதிப்பது என்றுதான் சொல்ல வேண்டும். கடையில் வாங்கிய மணி எதுவும் நேராக வாருக்குப் போனதில்லை. ஈர டிஷ்யூவில் சுற்றி வைத்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்ப்பாய். பித்தளை மணியாக இருந்தால் துளைக்குள் காது குடையும் பஞ்சுக் குச்சியை விட்டுச் சுழற்றுவாய்; பஞ்சு எங்காவது சிக்கினால் அந்த விளிம்பு தோலை அறுத்துவிடும் என்று ஒதுக்கிவிடுவாய். கண்ணாடி மணி வேண்டவே வேண்டாம், தரையில் அடித்தால் உடையும் என்றாய். கழுத்துப்பட்டையில் மாட்டும் கொக்கிப் பக்கம் எந்த மணியும் வரக்கூடாது, நாய் கடித்து விழுங்கிவிடும். பிடிக்கும் பக்கத்தில் மட்டும்தான் அலங்காரம். வாடிக்கையாளர் எவ்வளவு கெஞ்சினாலும் நீ இறங்கி வரவில்லை.

அந்த விதியை நீயே தளர்த்தியது ஒரே ஒருவருக்காக. கேலாங் ஈஸ்டில் கோயிலுக்குப் பக்கத்துப் புளோக்கில் தனியாக இருந்த ஆன்ட்டி. யாழ்ப்பாணக் குடும்பம், அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கண்பார்வை மங்கிக்கொண்டே வந்தது. சீனி என்று ஒரு வெள்ளைப் பூடில் நாய் வைத்திருந்தார். லிப்டுக்குள் போகும்போது வாரைச் சுருக்கிப் பிடிக்க வேண்டும், எந்த இடத்தில் பிடிப்பது என்று கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிய வேண்டும் என்றார். நீ வெகுநேரம் யோசித்தாய். பிறகு வாரின் நடுவில், சீனியின் வாய்க்கு எட்டாத தூரத்தில், பெரிய நீல மர மணி ஒன்றை வைக்கலாம் என்றாய். நான்கு இழையில் இரண்டை மணிக்குள் செலுத்தி, மற்ற இரண்டை அதைச் சுற்றி வெளியே விட்டுப் பின்னினேன். மணி அசையாமல் உட்கார்ந்துகொண்டது. ஆன்ட்டி கண்ணை மூடி வாரைத் தடவி, மணியில் விரல் பட்டதும் சிரித்தார். அதுபோல் இன்னொன்றை நாம் யாருக்கும் செய்யவில்லை.

அதனால்தான் செங்காங்கில் வாரக்கடைசிச் சந்தையில் அந்த இளைஞன் வந்து நின்றபோது நீ அவன் கையிலிருந்த வாரையே உற்றுப் பார்த்தாய். பிரவீன் என்று பேர் சொன்னான். கையில் வெள்ளைப் பூடில். நம் கடையில் தொங்கிய வார்களின் பின்னலும் தன் கையிலிருந்ததும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து வந்திருந்தான். வாரைக் கையில் சுற்றும்போது நடுவிலுள்ள மணி விரலில் இடிக்கிறது, அதை எடுத்துவிட்டுப் பிடியில் மட்டும் சிவப்பு மணி வைத்துத் தர முடியுமா என்று கேட்டான். நான் முடியும் என்று வாயைத் திறந்தேன். நீ மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாய்.

நாயின் பேர் என்ன என்று கேட்டாய். ஸ்னோ என்றான். நீ குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், "சீனி" என்றாய். நாய் முன்னங்கால்களை உன் முழங்காலில் வைத்து நின்றுவிட்டது.

அவன் திருடன் மாதிரி இல்லை. முகத்தில் குழப்பம்தான் இருந்தது. நாய் வளர்ப்பவர்களின் இணையப் பக்கத்தில் பார்த்து, ஒருவரிடமிருந்து இலவசமாக வாங்கினேன் என்றான். "அந்த அங்கிளோட அம்மா பாஸ்ட் அவே ஆயிட்டாங்க ஆன்ட்டி. அவங்க டாக்தான் இது. பார்த்துக்க ஆள் இல்லன்னு கொடுத்தாரு."

ஆன்ட்டி போய்விட்டாரா என்று நினைத்துக்கொண்டு நிற்கிறேன், நீ அவனிடம், "செத்துட்டாங்கன்னு நீ எதும் பார்த்தியா, இல்ல அவரு சொன்னதுதானா?" என்று கேட்டாய். அவர் சொன்னதுதான் என்றான். மணியை எடுக்கப் பாதி வாரைப் பிரித்துப் பின்ன வேண்டும், விட்டுவிட்டுப் போ, அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள் என்று சொல்லி, நாய்க்கு வேறொரு வாரைக் கொடுத்து அனுப்பினாய். அவன் போனதும் அந்த வாரைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாய். பிரிக்கப் போவதில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் கேலாங் ஈஸ்டுக்குப் போனோம். ஆன்ட்டி வீடு பூட்டிக் கிடந்தது. வாசலில் செருப்பில்லை, துளசித் தொட்டியில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மாதான் சொன்னார்: ஆன்ட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார், அங்கிருந்து முதியோரைப் பராமரிக்கும் தாதிமை இல்லத்துக்குப் போய்விட்டார், மகன் வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறார். உயிரோடுதானே இருக்கிறார் என்று நீ திரும்பவும் கேட்டாய். நோன்புப் பெருநாளுக்குக் குவே பலகாரம் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேனே என்றார். லிப்டில் இறங்கும்போது எனக்குக் கோபம் பொங்கியது. உயிரோடு இருக்கும் அம்மாவைச் செத்துப்போனதாகச் சொல்ல ஒருவருக்கு எப்படி நாக்கு வரும் என்று புலம்பினேன். "வாங்கினவன் நாயத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டா? அதுக்குத்தான் அப்படிச் சொல்லியிருப்பான்" என்றாய், கணக்கு சரிபார்ப்பவளைப் போல.

தாதிமை இல்லத்தில் ஆன்ட்டி சக்கர நாற்காலியில் இருந்தார். குரலை வைத்தே நம்மைக் கண்டுகொண்டார். மகன் வீட்டில் சீனி நன்றாக இருக்கிறானாம். ஆனால் கூட்டிவரச் சொன்னால் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு காரணம், குளிப்பாட்டக் கொடுத்திருக்கிறது, தடுப்பூசிக்குப் போயிருக்கிறது என்று. சொல்லிவிட்டு ஆன்ட்டி நம் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"குரைக்கிற சத்தத்தையாவது போனில கேக்க விடு எண்டு கேட்டனான். அதுவும் இல்லை. நீங்கள் ஏதோ தெரிஞ்சுகொண்டுதான் வந்திருக்கிறியள். சொல்லுங்கோ பிள்ளை."

நான் உன் கையைப் பிடித்து அழுத்தினேன். இந்த நிலையில் சொல்லாதே என்று பொருள். நீ கையை விடுவித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாய். செத்துப்போனதாகச் சொன்னதையும் விடவில்லை. ஆன்ட்டி அழவில்லை. மடியிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கடைசியில், அந்தப் பெடியன் காலையிலேயே நாயை நடக்க விடுகிறானா, வெயில் ஏறிய பிறகு கூட்டிப்போனால் சீனிக்குப் பாதம் சுடும் என்றார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது உன்னைத் திட்டினேன். "அவங்க ஏற்கெனவே சந்தேகப்பட்டுக்கிட்டுத்தான்டி படுத்திருக்காங்க. தனியா சந்தேகப்படுறது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியாது" என்றாய்.

அடுத்த வாரம் பிரவீன் வந்தான். வாரில் மணி அப்படியே இருப்பதைப் பார்த்து முகம் மாறியது. நீ விஷயத்தைச் சொன்னதும் நாயைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனான். இப்போது சந்தேகம் அவன் பக்கம் வந்துவிட்டது. பொய் சொல்லி நாயைப் பிடுங்க வந்த இரண்டு கிழவிகளாக நாம் அவனுக்குத் தெரிந்திருப்போம். "நீங்க சொல்றது ட்ரூன்னு நான் எப்படி நம்புறது ஆன்ட்டி?" என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. உனக்கோ அவனை அந்த நிமிடத்திலேயே பிடித்துப்போய்விட்டது. "நம்பாத. நீயே வந்து பாரு. எங்ககூட வரவேணாம், தனியா போய்ப் பாரு" என்று இடத்தைச் சொல்லி, அந்த வாரையும் அவனிடமே கொடுத்தாய்.

தனியாகத்தான் போயிருக்கிறான். தாதியிடம் விசாரித்து, அனுமதி கேட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை சீனியோடு தோட்டத்துக்கு வந்தான். நமக்கும் சொல்லியிருந்தான். சக்கர நாற்காலி சரிவில் இறங்கி வரும்போதே சீனி இழுத்த இழுப்பில் அவன் தடுமாறிப்போனான். ஆன்ட்டி மடியில் ஏறி, முகத்தை நக்கி, கீழே குதித்து, மறுபடி ஏறி என்று ஒரே அமர்க்களம். அது அடங்கிய பிறகு ஆன்ட்டி வாரைத் தேடி எடுத்தார். விரல்கள் பின்னலோடு மெல்ல ஊர்ந்து நீல மணியில் நின்றன. வெகுநேரம் அங்கேயே இருந்தார். பிறகு பிடியைப் பிரவீன் இருந்த பக்கமாக நீட்டினார்.

"இவனை நீர்தான் வைச்சிருக்க வேணும், தம்பி. ஏலுமெண்டால் இடைக்கிடை கொண்டுவந்து காட்டும்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மணி இருக்கட்டும், விரலில் இடித்தால் பரவாயில்லை என்று நம்மிடம் சொன்னான்.

கதை அத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். நீ நினைக்கவில்லை. நல்ல பிள்ளைகளுக்கும் நான்கு வாரத்தில் அலுத்துவிடும் என்று சொல்லி, ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய்த் தோட்டத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவன் வருகிறானா என்று பார்த்தாய். மழை நாளிலும் அவன் வந்தான். ஒருநாள் நானும் கூட இருந்தபோது ஆன்ட்டியின் மகன் வந்து உன்னைப் பார்த்துவிட்டார். அம்மா இல்லத்தில் மனம் ஒன்றியிருக்க வேண்டும் என்றால் பழைய நினைப்பெல்லாம் அறுந்துபோக வேண்டும், அதற்காகத்தான் செய்தேன், வீணாக அம்மாவுக்கு ஆசை காட்டாதீர்கள் என்றார். அவர் சொன்னதில் பாதியை நான் நம்பினேன். களைத்துப்போன மனிதராகத் தெரிந்தார். நீ மட்டும், "உங்க அம்மாகிட்ட கேட்டுட்டா அறுத்தீங்க?" என்றாய். அவர் திரும்பி லிப்டுக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் சீனியைப் பற்றி அம்மாவிடம் பொய் சொன்னதில்லை என்று ஆன்ட்டி சொன்னார். சீனியைப் பற்றி மட்டும்தானா என்றாய் நீ.

உன் வயிற்றுவலியையும் அப்படித்தான் சந்தேகப்பட்டாய். வாயுத்தொல்லை என்று முதலில் பார்த்த டாக்டர் சொன்னதை ஏற்காமல் இன்னொருவரிடம் போனாய். உன் சந்தேகம்தான் சரியாக இருந்தது. அதுவரை உன் சந்தேகங்கள் பலித்தபோதெல்லாம் உன் முகத்தில் ஒரு வெற்றி தெரியும். அன்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு மாத்திரைக்கும் பேர் கேட்டுத் தாதிகளைத் திணறடித்தாய். பார்க்க வந்தவர்கள் தேறிவிட்டாய் என்று சொன்னால் யாரிடம் கேட்டுச் சொல்கிறீர்கள் என்றாய். நான் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தேன். நீ பார்த்துக்கொண்டே தூங்கிப்போவாய்.

போன ஞாயிறு தோட்டத்துக்குப் போனேன். பிரவீன் வந்திருந்தான். சந்தேகக்காரப் பிள்ளை எங்கே, குரலைக் காணோம் என்று ஆன்ட்டி கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. சொல்லவில்லை. நீ இனி இல்லை என்று சொன்னேன். ஆன்ட்டி என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

இப்போது மணிகளையும் நானே சோதிக்கிறேன். நேற்று அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருடத்தில் நான் பின்னிய எந்த வாரையும் நீ இழுத்துப் பார்த்ததில்லை. மணியைக் கடித்துக்கூடப் பார்த்தவள், கொக்கியைக் கதவுப் பிடியில் மாட்டிக் கயிறு கட்டித் தொங்கிப் பார்த்தவள், என் பின்னலை மட்டும் அப்படியே வாங்கி வைத்துக்கொள்வாய். எங்கே வாங்கிய தோல், இறுக்கிப் பின்னினாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை. நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது. உலகத்தில் நீ சந்தேகப்படாத ஒரே ஆள் நானாக இருந்தேன் என்று நெஞ்சு பூரித்தது.

கொஞ்ச நேரம்தான். நான் காப்பி கலக்கச் சமையலறைக்குப் போன நேரத்தில் நீ இழுத்துப் பார்த்திருக்க மாட்டாய் என்பதற்கு என்ன நிச்சயம்? அதை இனி யாரிடம் போய்க் கேட்பது? இரண்டில் எது என்று தெரியாமலே வைத்துக்கொண்டிருக்கிறேன். வார் முடிந்ததும் எழுந்து கதவுப் பிடியில் மாட்டி, என் பாரம் முழுவதையும் போட்டு இழுத்துப் பார்க்கிறேன். தாங்குகிறது.