அப்பாவைத் தேடிய கணக்கு

அடுப்புக்கு மேலே காயப்போட்ட ஈரக் கம்பளியின் வாசனை இன்று காலை வீடெல்லாம் நிறைந்திருந்தது. அந்த வாசனை வந்தாலே உன்னோடு பேச வேண்டும் போலாகிவிடுகிறது.

அப்போது உடப்புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் நான் கிளாக்கர், நீ பாடசாலையில் கணக்கு டீச்சர். கல்யாணமான புதிதில், ஞாயிற்றுக்கிழமைகளில் சிமெந்துத் தரையில் சோக்கால் பாதைகள் வரைவாய். அவற்றில் கண்ணுக்குத் தெரியாத ஒரு திருடன் ஓடுகிறான். அவன் தப்பவே முடியாதபடி பிடிக்கக் குறைந்தது எத்தனை பொலிஸ்காரர் வேண்டும்? அதுதான் உன் கணக்கு. "திருடன் மடையனா இருந்தா ஒருத்தர் போதுமே" என்று கேலி செய்தேன்.

"இல்லங்க. நாம எங்க நிக்கிறோம், எங்க போகப்போறோம், எல்லாம் அவனுக்குத் தெரியும்னு வச்சுக்கணும். அப்பவும் மாட்டுனாத்தான் கணக்கு சரி" என்றாய்.

அம்மா இறந்த பிறகு அப்பாவுக்குப் புத்தி தடுமாறியது. யாரோ தன்னைப் பிடித்துப்போக வருகிறார்கள் என்று பயந்துகொண்டே இருப்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில், மழை விட்ட ஒரு பிற்பகலில், தேயிலை மலைக்குள் ஓடிவிட்டார். மலையெல்லாம் பனிமூட்டம். கீழே ஆறு கரைபுரண்டு ஓடியது. லயத்து வீடுகளில் இருந்த தொழிலாளர்கள் கூப்பிட்டுக்கொண்டே நாலாபக்கமும் ஓடினார்கள். இருமல் கேட்ட இடத்துக்குப் போனால் ஆள் இல்லை. தேடி முடித்த பாதையில் மறுபடி இருமல் கேட்டது. தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்த என் கையை நீ பிடித்தாய்.

"கூப்பிடாதீங்க. கூப்பிட்டா மாமா இன்னும் ஓடுவாங்க. நாம தேடுன எடத்துக்கே திரும்பிப் போயிடுறாங்க."

செடிகளுக்குள் நுழைய அவரால் முடியாது, பாதையில்தான் போவார் என்றாய். ஆற்றோரத்திலிருந்து தொடங்கினோம். பாதை பிரியும் சந்திகளில் ஆட்களை நிறுத்திவிட்டு, மற்றவர்கள் ஒவ்வொரு பாதையாகத் தேடி முடிப்பது. முடிந்த பிறகே நிற்பவர்கள் மேலே நகர்வது. கங்காணிக்குப் பொறுக்கவில்லை.

"இத்தன பேரு சும்மா நின்னா எப்படி டீச்சரம்மா தேடுறது?"

"சும்மா நிக்கலங்க கங்காணி. நீங்க நிக்கிற வரைக்கும் மாமா ஆத்துப் பக்கம் திரும்ப முடியாது."

கடைசியில் உச்சியில், கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகைக்குப் போகும் ஒற்றைப் பாதை மட்டும் மிஞ்சியது. அதற்கப்பால் வழியில்லை. என்னையும் நிறுத்திவிட்டு நீ மட்டும் உள்ளே போனாய். அப்பாவின் குரல் கேட்டது.

"போயிட்டாங்களா?"

"எல்லாரும் போயிட்டாங்க மாமா. குளிருது, வாங்க, தேத்தண்ணி குடிப்போம்."

அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்ததும் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்கு வந்து, அப்பா போர்த்தியிருந்த ஈரக் கம்பளியை அடுப்புக்கு மேலே காயப்போட்டுக்கொண்டே சொன்னாய்.

"தரையில திருடனப் புடிக்கையில பயமே இல்லங்க. இன்னைக்கு ஒவ்வொரு சந்தியிலயும் செத்துப் பொழச்சேன்."

அதற்குப் பிறகும் அப்பா சில வருஷம் இருந்தார். நீ கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்தவர் தூக்கத்திலேயே போனார். நம் வீட்டில், தன் பாயில். ஆறு அவரைக் கொண்டுபோகவில்லை. நீயும் இல்லாத இந்த வீட்டில் மனம் பாரமாகும் நாட்களில் இந்த ஒன்றை நினைத்துக்கொள்கிறேன், மூச்சு சீராகிவிடுகிறது.