நன்றியுரையில் நீ கேட்ட கேள்வி

பினாயில் வாடை அடித்தால் எனக்கு இன்றைக்கும் சுத்தம் நினைவுக்கு வருவதில்லை. நேற்று காலை செங்கல்பட்டில் பெண் பிள்ளைகள் விடுதி ஒன்றைப் பார்வையிடப் போயிருந்தேன். ஓய்வு பெற்று இத்தனை காலம் ஆன பிறகும் இப்படிச் சிலவற்றுக்குக் கூப்பிடுகிறார்கள். வாசலில் கால் வைத்ததுமே அந்த வாடை முகத்தில் அடித்தது. தரை ஈரமாக இருந்தது. நாங்கள் வருவது தெரிந்து சற்று முன்புதான் கொட்டித் தேய்த்திருக்கிறார்கள். அதற்கு அடியில் மூத்திரமும் புழுங்கிப்போன பாயும் நாறிக்கொண்டுதான் இருந்தன. வரிசையாக நின்ற பிள்ளைகள் ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள். எனக்குக் குடலைப் புரட்டியது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். கூட வந்த இளம் அதிகாரி, வெயில் ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்தாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். உண்மையைச் சொல்ல நீ ஒருத்திதான் இருந்தாய். நீயும் போன ஐப்பசியில் போய்விட்டாய்.

உன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது எடுத்துப்போய் ஒரு கல்லில் பொறித்து, பக்கத்தில் தங்கள் பெயரையும் பெரிதாகப் போட்டுக்கொள்வார்கள்.

எழுபதுகளின் நடுவில் சென்னையில் சமூகப் பணி படிக்கச் சேர்ந்தபோதுதான் உன்னை முதலில் பார்த்தேன். கல்பாக்கத்தில் கட்டுமான வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்த அப்பாவின் மகள் நான். நீ பக்கத்திலேயே புதுப்பட்டினம் குப்பத்துக்காரி. எங்கள் குடியிருப்பில் உன் அம்மாவிடம்தான் என் அம்மா மீன் வாங்கிக்கொண்டிருந்தாள் என்பது, நாம் விடுதி அறையில் ஊர்க்கதை பேசிய அன்றுதான் இருவருக்கும் தெரிந்தது. இந்தப் படிப்பை ஏன் எடுத்தாய் என்று ஆசிரியர் வகுப்பில் ஒவ்வொருவராகக் கேட்டார். நான் சேவை, லட்சியம் என்று ஏதோ பேசினேன். நீ எழுந்து, "எங்க குப்பத்துல ஒரு பொண்ணு காணாம போச்சின்னா தேடிகினு போறதுக்கு ஆளே கெடையாது சார். நான் தேடிகினு போறவளா ஆவணும்" என்றாய். வகுப்பு சிரித்தது. நீ சிரிக்கவில்லை.

படிப்பு முடிந்ததும் இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை கிடைத்தது. செங்கல்பட்டின் ஓரத்தில் ஒரு தரும ஸ்தாபனம் நடத்திய ஆதரவற்ற பெண்கள் இல்லம். நமக்கு அங்கே 'அமைப்பாளர்' என்று பெயர். உன் அம்மா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே எங்கள் வீட்டுக்கு வந்து, மகளுக்குக் கவர்மென்ட் மாதிரி வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லி, அன்றைக்கு என் அம்மாவிடம் வஞ்சிரத்துக்குக் காசு வாங்க மறுத்துவிட்டாள்.

போன முதல் நாளே நமக்குப் பிடிக்காமல் போயிற்று. எல்லாப் பிள்ளைகளுக்கும் தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பேன் தொல்லை என்றாள் வார்டன் அம்மா. அவளுடைய மகளின் சடை இடுப்புக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. கஞ்சியில் மிதந்த புழுவைப் பிள்ளைகள் விரலால் ஓரம் தள்ளிவிட்டுப் பேசாமல் குடித்தார்கள். மகாபலிபுரத்துக்குச் சுற்றிப்பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களை மாதம் ஒரு தடவையாவது வேனில் ஏற்றி அழைத்துவருவார்கள். அன்றைக்குக் கேசரி கிளறுவார்கள், பினாயில் ஊற்றுவார்கள். பிள்ளைகள் கைகூப்பிப் பாடுவார்கள். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஒரு குழந்தையின் மொட்டைத் தலையைத் தொட்டுவிட்டுக் கண் கலங்கியதும், ஸ்தாபனத் தலைவர் அதைப் படம் எடுக்கச் சொன்னதும் நினைவிருக்கிறதா? அந்தம்மாள் போனதும் அவள் தொட்ட குழந்தையின் தட்டிலிருந்த மீதிக் கேசரியை வார்டன் வழித்து எடுத்துக்கொண்டாள். அன்று இருவரும் மதியம் சாப்பிடவில்லை.

தலைவருக்கு அரிசி ஆலைகள் இருந்தன. சந்தனமும் ஜவ்வாதும் மணக்க வருவார். எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் 'என் குழந்தை' என்பார். ஒருத்தியின் பெயரும் தெரியாது. கொஞ்சம் வளர்ந்த பெண்களை 'குடும்பப் பயிற்சி' என்று கமிட்டிக்காரர்கள் வீடுகளுக்கு அனுப்பும் ஏற்பாடு அவர் கொண்டுவந்ததுதான். நல்ல குடும்பத்தில் இருந்து பழக்கவழக்கம் கற்றுக்கொள்வார்களாம். அவர்கள் கற்றுக்கொண்டது பாத்திரம் தேய்க்கவும், கக்கூஸ் கழுவவும், எஜமானியம்மாளுக்குக் கால் அமுக்கவும். சம்பளம் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. நாம் கேட்டபோது, படிப்பை மட்டும் வைத்துக்கொண்டு பெண் பிள்ளை என்ன செய்வாள் என்று, படித்த நம் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

மல்லிகா காணாமல் போனது அந்தச் சமயத்தில்தான். நெம்மேலிப் பக்கத்துக் குப்பத்துப் பெண் அவள். அப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, தாயும் காய்ச்சலில் போய்விட்டாள். வயதுக்குக்கூட வராத பெண்ணை முட்டுக்காட்டில் செயலாளர் கட்டியிருந்த பங்களாவுக்கு அனுப்பியிருந்தார்கள். வெள்ளி டம்ளரைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டாள் என்று செய்தி வந்தது. போலீசில் சொல்லிவிட்டோம், இனி அவர்கள் பாடு என்றாள் வார்டன். நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய். எங்கே என்று தேடுவது என்றேன். "கடக்கர பொண்ணுக்கு ரோடு இன்னாத்துக்குடி? கரையப் புடிச்சிதான் நடந்திருப்பா" என்றாய்.

அப்படியேதான் நடந்திருந்தாள். நெம்மேலியில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள், பெண் வந்து கஞ்சி குடித்துவிட்டு மகாபலிபுரத்தில் இருக்கும் சித்தியிடம் போய்விட்டதாகச் சொன்னார்கள். கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் சங்கு, சிப்பி மாலை விற்பவர்களின் நடுவே சித்திக்காரியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் துணி சுற்றியிருந்தது. சித்திக்காரி எழுந்து நின்று, "இன்னா, இட்டுகினு போலாம்னு வந்தீங்களா? என் பொணத்தத் தாண்டிதான் போவணும்" என்றாள். அழைத்துப் போக வரவில்லை, பார்க்கத்தான் வந்தோம் என்று நீ மணலில் உட்கார்ந்தாய். துணியை மெல்லப் பிரித்தாய்.

பால் பொங்கி வழிந்ததற்காக அந்த வீட்டுக்காரி இவள் கையைப் பிடித்துக் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் வைத்து அழுத்தியதைச் சித்திக்காரிதான் சொன்னாள். இரண்டு விரல்கள் ஒட்டிப்போய்ச் சீழ் வைத்திருந்தன. மல்லிகா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொன்னது வேறு.

"அந்த வூட்ல நாய்க்கு டைகர்னு பேரு வச்சிக்கீறாங்கக்கா. என்ன 'இல்லம்'னுதான் கூப்புடுவாங்க. இல்லம், தண்ணி எடு. இல்லம், கால் புடி. என் பேரு இன்னான்னே அவங்களுக்குத் தெரியாது."

நீ எழுந்து நேராகத் தண்ணீர் ஓரம் போனாய். குனிந்து வாந்தி எடுத்தாய். நான் ஓடிவந்து தலையைப் பிடித்துக்கொண்டேன். அலை வந்து அதை அடித்துக்கொண்டு போயிற்று. வாயைத் துடைத்துக்கொண்டு நீ சொன்னாய்: "நமக்குக் கொமட்டிகினு வருது. அவங்களுக்கு வரலியேடி. அதான் எனக்கு பயமா கீது."

திருக்கழுக்குன்றம் ஆஸ்பத்திரியில் கையைக் காட்டிக் கட்டுப் போட்டு அவளைச் சித்தியிடமே விட்டுவிட்டு, மறுநாள் காலை தலைவர் வீட்டுக்குப் போனோம். ஊஞ்சலில் உட்கார்ந்து அல்வா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். முகம் மாறவேயில்லை. விரலில் ஒட்டியிருந்த நெய்யை ஒவ்வொன்றாக நக்கிவிட்டு, "குடும்பம்னா ஒரு அடி, ஒரு சூடு இருக்கத்தாம்மா செய்யும். நம்ம பொண்ணுன்னுதான கண்டிக்கிறாங்க" என்றார். பெண்ணைத் திரும்பக் கொண்டுவந்து விட்டால் திருட்டுப் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ளச் சொல்வதாகவும் சொன்னார். உறவுக்காரி வீட்டில் இருக்கிறாள், அனுப்ப மாட்டார்கள் என்றாய் நீ. ஆண்டு விழா முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்று நம் கையிலும் அல்வாவை வைத்து அனுப்பினார். தெருமுனைச் சாக்கடையில் அதைப் போட்டோம். நெய்ப் பிசுக்கு மட்டும் கையை விட்டுப் போகவில்லை. குழாயடியில் மண்ணைப் போட்டுத் தேய்த்தேன்.

ஆண்டு விழாவுக்குச் சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். வீட்டு வேலைக்குப் போயிருந்த பெண்களையெல்லாம் அன்று ஒருநாள் திரும்ப அழைத்து, புதுப் பாவாடை கட்டி, மேடையில் பாட நிறுத்தியிருந்தார்கள். நீ நன்றாகப் பேசுவாய் என்று நன்றியுரையை முன்பே உனக்குக் கொடுத்திருந்தார்கள். அல்வாவோடு நீ அடங்கிவிட்டாய் என்று தலைவர் நினைத்திருக்க வேண்டும். என்ன செய்யப்போகிறாய் என்று எனக்கு மட்டும் சொல்லியிருந்தாய். வேலை போய்விடும் என்றேன். போகட்டும் என்றாய். சரி, நானும் மேடையேறி உன் பக்கத்திலேயே நிற்கிறேன் என்றேன்.

நான் பக்கத்தில் நிற்க, அதிகாரிக்கு நன்றி சொன்னாய். தலைவருக்கு நன்றி சொன்னாய். பிறகு மைக்கைப் பிடித்தபடியே பிள்ளைகள் பக்கம் திரும்பினாய்.

"கண்ணுங்களா, நீங்க யார் யார் வூட்ல இன்னா வேலை செய்றீங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

பிள்ளைகள் வார்டனைப் பார்த்தார்கள். வார்டன் கீழேயிருந்து கண்ணை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஓரத்தில் நின்ற ஒரு பெண், பாட்டு ஒப்பிக்கும் அதே குரலில் சொன்னாள்: "தலைவர் ஐயா வூட்ல. பாத்திரம், துணி, மாட்டுக் கொட்டா." அடுத்தவள் பொருளாளர் வீடு என்றாள். அதற்கடுத்தவள் டாக்டர் வீடு என்றாள், அவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். மைக்கை நிறுத்தினார்கள். மைக் இல்லாமலேயே சொல்லிக்கொண்டு போனார்கள். கீழே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அப்போது தலைவர் எழுந்தார். முகம் நிறையச் சிரிப்பு. "பலே. நம்ம குழந்தைங்க நாடகம் எவ்வளவு தத்ரூபமா நடிக்கிறாங்க பாருங்க" என்று கைதட்டினார். முன்வரிசை தட்டியது. பிறகு பின்வரிசை தட்டியது. தலையைக் குனிந்திருந்தவர்களும் நிமிர்ந்து தட்டினார்கள். அவர்களுக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. பிள்ளைகள் ஒன்றும் புரியாமல், பழக்கத்தில், கைகூப்பி நின்றார்கள். என் வாழ்நாளில் எத்தனையோ நாற்றங்களைப் பார்த்துவிட்டேன். அந்தக் கைதட்டலைப் போல ஒன்று இன்றுவரை இல்லை.

அதிகாரி மட்டும் தட்டவில்லை. போட்ட மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுக் காப்பி குடிக்காமல் போனார். சில நாளில் உத்தரவு வந்தது. பெண்களை இனி எந்த வீட்டுக்கும் அனுப்பக்கூடாது, அனுப்பியவர்களைத் திருப்பிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அதே வாரம் நம் இருவரையும் ஒழுங்கீனம் என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். வாசலில் பிள்ளைகள் வழியனுப்ப வரக்கூடாது என்று கதவைச் சாத்திவைத்தார்கள். உள்ளே யாரோ ஒருத்தி 'அக்கா' என்றாள். பிறகு பலர் சொன்னார்கள்.

மல்லிகா மேல் இருந்த புகார் தானாகவே காணாமல் போயிற்று. செயலாளருக்கு ஒன்றும் ஆகவில்லை. தலைவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவருக்குப் பொன்னாடையும் பட்டமும் தந்தார்கள், கல்யாண மண்டபத்தில் அவர் படம் தொங்குகிறது. நீயோ ஒரு வருஷத்துக்கு மேல் புதுப்பட்டினம் சந்தையில் உன் அம்மாவோடு மீன் விற்றாய். எங்கள் குடியிருப்பு மாமிகள் 'எம்.ஏ. மீன்' என்று பின்னால் பேசுவார்கள். உனக்கும் கேட்கும். மகாபலிபுரத்துக்கு வாரம் ஒருமுறை போய் மல்லிகாவை இடது கையால் எழுதப் பழக்கிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது அந்த வருஷத்தில்தான். பிறகு அரசாங்கப் பரீட்சை எழுதி நன்னடத்தை அலுவலராக இருவரும் சேர்ந்தோம். ஆள் மாறியது, கட்டடம் மாறியது. நாம் பார்த்த அசிங்கம் பெரிதாக மாறவில்லை. ஓய்வு பெறும்வரை நீ ஓடிப்போன பெண்களைத் தேடிப் போய்க்கொண்டேதான் இருந்தாய்.

உன்னைக் கிடத்தியிருந்த அன்று நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். அந்த ஸ்தாபனத்தை இப்போது நடத்துகிற தலைவரின் மகன் ஒரு மாலை அனுப்பியிருந்தார். ஆள் உயரம். நடுவில் மினுக்குத் துணியில் 'எங்கள் இல்லத்தின் அன்புத் தொண்டர்' என்று அச்சடித்திருந்தது. கூடவே படம் எடுக்க ஒருவன். உன் தம்பி அதை வாங்கி உன் மார்பில் போட்டுவிட்டான், அவனுக்கு என்ன தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் எழுவதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மல்லிகா வந்தாள். அவளுக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கிறார்கள். சித்தி உட்கார்ந்த இடத்திலேயே சங்குக் கடை வைத்திருக்கிறாள். மாலையை உன் மேலிருந்து தூக்கினாள். படம் எடுக்க வந்தவன், "ஐயா அனுப்பினதும்மா" என்றான்.

"தெரியும். அதான் எடுக்கறேன். இது அக்கா மேல கெடக்கக் கூடாது" என்றாள்.

சாவு வீட்டில் இது எதற்கு என்று யாரோ ஒருவர் ஆரம்பித்தார். நான் எழுந்து மாலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கிழவிகளும் சேர்ந்து தெருவைக் கடந்து மீன் கழிவு கொட்டும் குழியில் அதைப் போட்டோம். காக்கைகள் எழும்பிப் பறந்து திரும்பவும் உட்கார்ந்தன. மல்லிகா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வாங்கக்கா போலாம் என்றாள்.

இந்த வேலைக்கு வரும் புதுப் பெண்கள், இத்தனை வருஷம் எப்படி மேடம் தாங்கினீங்க என்று என்னைக் கேட்கிறார்கள். அன்பு, பொறுமை என்று ஏதாவது சொல்வேன் என்று பேனாவோடு காத்திருக்கிறார்கள். அன்பு எனக்கு நடுநடுவே வற்றிப்போனது உனக்குத் தெரியும். பொறுமை எனக்கு எப்போதுமே இருந்ததில்லை. நீ விட்டுப்போனதில் என்னிடம் மிச்சம் இருப்பது இந்த ஒன்றுதான்: எதைப் பார்த்து அன்றைக்கு நமக்குக் குமட்டியதோ, அது எனக்கு இன்னும் பழகிப்போகவில்லை.